ஈமச் சங்கமும் பேரவையும்: நியூயோர்க் யூதக் குடிவரவாளரின் பொதுக்குரல் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

1654ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதத்தில், பிரேசிலின் றெசிபே நகரைவிட்டு நீங்கிய 23 யூதர் நியூ ஆம்ஸ்ரர்டாம் துறையில் வந்திறங்கினர். றெசிபே ஒல்லாந்தர் கையிலிருந்த காலத்தில் அங்கே ஓரளவு சமய சுதந்திரத்துடன் வாழ்ந்தவர்கள் அவர்கள். போர்த்துக்கேயர் அந்நகரை மீளக் கைப்பற்றியதும் புகலற்றவர்களாயினர். (கொழும்பு ஒல்லாந்தரிடம் வீழ்ந்தது இதற்கு இரண்டு ஆண்டுகளின் பின்னராகும். கிழக்கிலே வென்றுகொண்டிருந்த ஒல்லாந்தர் மேற்கிலே தோற்றுக்கொண்டிருந்தனர் என்பதை இலங்கை வரலாறு பயிலும் நாம் பெரும்பாலும் நினைப்பதில்லை.) நியூ ஆம்ஸ்ரர்டாமின் ஆளுநர் பீற்றர் ஸ்ரைவெசன்ற் வந்தவர்களை வெளியேற்ற விரும்பி, ஒல்லாந்த மேற்கிந்தியக் கொம்பனிக்கு எழுதினார். 1655இல் வந்த விடை அவருக்கு உவப்பானதாக இருக்கவில்லை. யூதர் அங்கே தங்கலாம், வாணிகம் செய்யலாம். ஆயின் அவர்களுள் வறியவர்கள் கொம்பனிக்கோ ஏனைய குடிகளுக்கோ சுமையாகாமல், அவர்தம் இனத்தவராலேயே பேணப்படல் வேண்டும் என்பதே அவ்விடையின் சாரம்.

அதே ஆண்டிலே இன்னொரு விண்ணப்பம் எழுந்தது. குடியேற்றத்தின் ஆண்மக்கள் முறைவைத்துக் காவல் புரிவது வழக்கம். யூதரை அக்காவற் பணியிற் சேர்க்க மறுத்த நிர்வாகம், அதற்கு ஈடாக அவர்கள்மீது மாதவரியொன்றை விதித்தது. ஆசர் லெவி, ஜேக்கப் பார்சிம்சன் என்னும் இருவர், ஒன்றில் எம்மையும் காவலில் நிற்க விடுங்கள், அன்றேல் வரியை நீக்குங்கள் என்று கேட்டனர். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது, விரும்பினால் வேறிடம் செல்லலாம் என்ற வார்த்தையும் உடன் வந்தது. லெவி செல்லவில்லை. சிறிது காலத்தில் அவர் காவலில் நின்றார். 1657இல் நகரக் குடியுரிமையும் பெற்றார்.

இவ்விரு நிகழ்ச்சிகளும் இக்கட்டுரையின் பொருளை முன்கூட்டியே காட்டுகின்றன. தம் வறியவரைத் தாமே பேணுக என்பது மேலிருந்து விதிக்கப்பட்ட நிபந்தனை. காவலில் எமக்கும் இடம் தருக என்பது கீழிருந்து எழுந்த உரிமைக் கோரிக்கை. இரண்டரை நூற்றாண்டுகளின் பின்னர், நியூயோர்க் எனப் பெயர்பெற்ற அதே நகரத்தில், முதலாவதின் பொருட்டு அமைந்த சங்கங்களே இரண்டாவதற்கான கருவிகளாயின. அம்மாற்றம் எவ்வாறு நிகழ்ந்தது, எங்கே தடைப்பட்டது என்பனவற்றையே இங்கு நோக்க விழைகின்றோம்.

கிழக்கு ஐரோப்பாவில் யூத சமூகம் தன்விருப்பால் அமைந்த சங்கமன்று. 'கஹல்' எனப்பட்ட சமூக ஆட்சிக் குழு அரசுக்காக வரி அறவிட்டது, வழக்குத் தீர்த்தது, ஒழுக்கம் தவறியோரை விலக்கி வைத்தது. யூதனாகப் பிறந்த ஒருவன் அதன் ஆளுகைக்குள்ளேயே பிறந்தான். அரசனிடமோ பிரபுவிடமோ சமூகத்தின் குறையை எடுத்துரைக்க வேண்டியபோது 'ஷ்டட்லான்' எனப்பட்ட பரிந்துரைப்போன் சென்றான். அவன் செல்வனாகவோ அரசமொழி வல்லவனாகவோ அரண்மனையில் அறிமுகமுள்ளவனாகவோ இருந்தான். எவரும் அவனுக்கு வாக்களித்ததில்லை. அவன் கேட்டது உரிமையுமன்று, தயவு. போலந்தின் 'நான்கு நாட்டுப் பேரவை' 1764இல் ஒழிக்கப்பட்டது. 1844இல் ருஷ்யாவின் முதலாம் நிக்கலஸ் கஹல் முறையையும் நீக்கினான். எனினும் கஹல் மறைந்தபின்னும் ஊர்தோறும் எஞ்சி நின்ற அமைப்பொன்று உண்டு. இறந்தோரை நீராட்டி அடக்கம் செய்யும் புனித ஈமக் குழுவே அது. ஊரிலே பெருமதிப்புடையது; சில இடங்களில் அச்சத்துக்கும் உரியது.

1881 மார்ச்சில் சார் இரண்டாம் அலெக்சாந்தர் கொலையுண்டதைத் தொடர்ந்து தென் ருஷ்யாவில் யூதர்மீது வன்செயல்கள் வெடித்தன. மறு ஆண்டின் மே மாதச் சட்டங்கள் அவர்களை நாட்டுப்புறங்களிற் குடியேறவிடாது தடுத்தன. வன்செயலே குடியகல்வுக்கு ஒரே காரணம் எனக் கொள்வது சரியாகாது. பெருகிய குடித்தொகை, சிறுகைத்தொழிலின் வீழ்ச்சி, புகையிரதமும் நீராவிக் கப்பலும் பயணச் செலவைக் குறைத்தமை என்பனவும் சேர்ந்தே இயங்கின. எவ்வாறாயினும் 1881க்கும் 1924க்கும் இடையில் இருபது இலட்சத்துக்கு மேற்பட்ட கிழக்கு ஐரோப்பிய யூதர் அமெரிக்க ஐக்கிய நாடுகளை அடைந்தனர். அவர்களுட் பெரும்பாலார் முதலில் கால்வைத்தது நியூயோர்க்கின் கீழ்க்கிழக்குப் பகுதியிலாகும்.

அங்கே அவர்களுக்கு முன்னரே ஒரு யூத சமூகம் இருந்தது. 1880 அளவில் அமெரிக்காவில் ஏறத்தாழ இரண்டரை இலட்சம் யூதர் வாழ்ந்தனர். பெரும்பாலோர் ஜேர்மன் மொழிப் பிரதேசங்களிலிருந்து வந்தோரும் அவர்தம் மக்களுமாவர். சந்தைக் கூடைகளுடன் தொடங்கிப் பெருவணிகராகவும் வங்கியாளராகவும் உயர்ந்த குடும்பங்கள் சில இவர்களிடையே இருந்தன. 1843இல் 'பினை பிரித்' என்னும் சகோதரத்துவ அமைப்பைத் தோற்றுவித்தவர்களும் இவர்களே. புதிதாய் வந்த ருஷ்ய, போலந்து யூதர் தம் இத்திஷ் மொழியாலும் தாடியாலும் தரித்திரத்தாலும் தமக்கு அவப்பெயர் தேடித் தருவர் என இவர்கள் அஞ்சினர். ஆனாலும் கைவிடவில்லை. கல்விக் கூட்டிணைப்பு நிலையம் போன்றவற்றை நிறுவி, ஆங்கிலமும் சுகாதாரமும் நகர நடையும் கற்பித்தனர். உதவி பெற்றோர் நன்றியுடனும் சினத்துடனும் அதனை ஏற்றனர். நகரின் மேற்பகுதியார், கீழ்ப்பகுதியார் என்ற பிரிவு அன்றைய யூத வாழ்வின் அடிப்படைப் பிளவாயிற்று. பின்வரும் நிகழ்ச்சிகள் யாவற்றிலும் அதன் நிழல் விழுவதைக் காணலாம்.

கீழ்ப்பகுதியார் தாமாகவே அமைத்துக்கொண்டவற்றுள் தலையாயது ஊரவர் சங்கம். இத்திஷ் மொழியில் இதனை 'லாண்ட்ஸ்மான்ஷாப்ட்' என்பர். பியலிஸ்ரொக், மின்ஸ்க், புறொஸ்குரொவ் என ஒவ்வோர் ஊரின் பெயராலும், பெயரறியாச் சிற்றூர்கள் பலவற்றின் பெயராலும் சங்கங்கள் எழுந்தன. 1938இல் இத்திஷ் எழுத்தாளர் குழுவொன்று, அரசின் வேலையற்றோர் நிவாரணத் திட்டத்தின்கீழ் இவற்றை ஆராய்ந்து ஒரு நூல் வெளியிட்டது. நகரில் ஏறத்தாழ மூவாயிரம் ஊரவர் சங்கங்கள் உள்ளன என்பது அவர்தம் கணிப்பு.

இச்சங்கங்கள் செய்தவை யாவை? முதலாவது, இடுகாட்டு நிலம். நியூயோர்க்கின் புறநகர்களிலே பெருமயானங்களில் ஒரு துண்டை வாங்கி, வேலியும் வாயிலும் அமைத்து, அங்கத்தவர் ஒவ்வொருவருக்கும் ஆறடி உறுதி செய்யப்பட்டது. அந்நிய மண்ணில் அநாதைப் பிணமாகப் பொதுக் குழியிற் கிடக்கும் அச்சமே பலரைச் சங்கத்துக்கு இழுத்தது என்றால் மிகையன்று. அடுத்து நோய்க்கால உதவித்தொகை, துக்கம் காக்கும் ஏழு நாளும் தொழிலுக்குச் செல்ல முடியாதோருக்கான கொடை, விதவைக்கு ஒரு தொகை, வட்டியில்லாச் சிறுகடன். சங்க வைத்தியர் என ஒருவர் நியமிக்கப்பட்டார். ஆண்டுக்கு ஒரு தலைக்கு இவ்வளவு எனக் குறைந்த கூலி பேசி, ஐந்தாறு மாடி ஏறி இறங்கி அவர் நோயாளரைப் பார்த்தார். படிப்பு முடித்த இளம் வைத்தியர் பலருக்கு இதுவே முதற்றொழில். நோயுற்ற அங்கத்தவரைச் சென்று பார்த்து, உண்மையாகவே படுக்கையில் இருக்கின்றாரா என்று அறிந்து வருவதற்கும் ஓர் உத்தியோகத்தர் தெரியப்பட்டார். பரிவும் கணக்குப் பார்வையும் ஒருவரிடத்திலேயே சேர்ந்த பதவி அது.

இவை யாவும் பரஸ்பர உதவி. இதிற் பொதுக்குரல் எங்கே வந்தது? சங்கம் நடந்த முறையிலேயே அது பிறந்தது என்பது எமது துணிபு. ஒவ்வொரு சங்கமும் யாப்பொன்றை இயற்றியது. அது பெரும்பாலும் இத்திஷிலும் ஆங்கிலத்திலும் அச்சிடப்பட்டது. தலைவர், உபதலைவர், காரியதரிசி, தனாதிகாரி ஆகியோர் வாக்கெடுப்பால் தெரிவு செய்யப்பட்டனர். கூட்ட அறிக்கை வாசித்து உறுதிப்படுத்தப்பட்டது. பிரேரணை முன்மொழியப்பட்டு, வழிமொழியப்பட்டு, விவாதிக்கப்பட்டது. கணக்கு விபரம் கேட்கப்பட்டது. பகலெல்லாம் தையற்கூடத்தில் மேற்பார்வையாளன் சொற்கு அடங்கி அழுத்துபெட்டி பிடித்தவன், இரவுக் கூட்டத்திலே எழுந்து நின்று, தலைவர் அவர்களே, இது யாப்பின் இன்ன பிரிவுக்கு முரணானது என்று சொல்லலாயினான். சாரின் நாட்டில் வாக்குச்சீட்டைக் கண்டறியாதவன் அவன். அமெரிக்கத் தேர்தலில் வாக்களிக்கும் முன்னரே அவன் இடுகாட்டுக் குழுவின் தலைவரைத் தெரிவதில் வாக்களித்துப் பழகிவிட்டான். டானியல் சோயர் என்னும் வரலாற்றாசிரியர் 1997இல் வெளியிட்ட நூலில், பழைய ஊரின் பெயரைத் தாங்கிய இச்சங்கங்களே அமெரிக்கராதலின் கருவிகளாயிருந்தன என்பதை விரிவாக நிறுவியுள்ளார். பழமையைப் பேணும் கூடாரங்கள் என்று மட்டும் இவற்றைக் கருதியோர் தம் கருத்தை மாற்ற வேண்டியவராயினர்.

அதற்காக இவற்றைப் போற்றிப் புகழ்ந்துவிடவும் முடியாது. ஒரே ஊருக்கு இரண்டு மூன்று சங்கங்கள் இருந்தமைக்குக் கொள்கை வேறுபாடு காரணமாயிருந்ததுண்டு. தனிப்பட்ட கோபதாபம் காரணமாயிருந்ததும் உண்டு. பெரும்பாலான சங்கங்களில் அங்கத்தவர் ஆடவரே. பெண்கள் அங்கத்தவரின் மனைவியராகவும் விதவையராகவும் பயன் பெற்றனர். பின்னரே மகளிர் துணைச் சங்கங்கள் எழுந்தன. அன்றியும், தன்னூரவன் என்ற எல்லைக்கு அப்பால் நோக்காத குறுகிய பார்வையும் இருந்தது. இவ்வெல்லையைத் தாண்டிய ஓர் அமைப்பாகத் 'தொழிலாளர் வட்டம்' என்பதைக் குறிப்பிடலாம். 1892இல் சிறு சங்கமாகத் தொடங்கி, 1900இல் நாடு தழுவிய சகோதரத்துவ அமைப்பாக மாறிய இது, ஈமக் கடனையும் நோய்க்கால உதவியையும் சோஷலிசக் கொள்கையோடு இணைத்தது. 1920களின் நடுப்பகுதியில் அதன் அங்கத்தவர் தொகை 80,000க்கு மேற்பட்டிருந்தது.

சங்கங்களில் இடமற்ற பெண்கள் தாமாகவே ஒரு முறை தெருவுக்கு வந்தமை தனியே சொல்லத்தக்கது. 1902 மே மாதத்தில், யூத விதிப்படி அறுக்கப்பட்ட இறைச்சியின் விலை றாத்தலுக்கு 12 சதத்திலிருந்து 18 சதமாக உயர்ந்தது. கீழ்க்கிழக்குப் பகுதியின் இல்லத்தரசிகள் இறைச்சி வாங்குவதை நிறுத்துமாறு வீடுவீடாகச் சென்று கேட்டனர். கடைகளை மறித்தனர், வாங்கியோர் கையிலிருந்த இறைச்சியைப் பறித்து வீதியில் எறிந்தனர், சிலர் பொலிசாரிடம் அடியும் பட்டு நீதிமன்றத்துக்கும் சென்றனர். ஓய்வுநாளில் தொழுகைக் கூடங்களுள் நுழைந்து, வேத வாசிப்பை இடைநிறுத்தித் தம் வழக்கை ஆடவர் முன்னிலையில் எடுத்துரைத்தனர். அநீதிக்கு ஆளானோர் தொழுகையை இடைநிறுத்தி முறையிடலாம் என்பது பழைய யூத வழக்காறு. அவ்வழக்காற்றை அவர்கள் இறைச்சி வணிகக் கூட்டுக்கு எதிராகத் திருப்பினர். சில வாரங்களில் விலை 14 சதத்துக்கு இறங்கிற்று. வாக்குரிமையும் சங்க அங்கத்துவமும் இல்லாதோர் அடைந்த வெற்றி அது. அதன் நினைவு 1907இன் வீட்டு வாடகை மறுப்பிலும் பின்னர் எழுந்த பெருவேலைநிறுத்தங்களிலும் தொடர்ந்தது.

இனி மேற்பகுதியாரை நோக்குவோம். 1903 ஏப்பிரலில் கிஷினெவ் நகரில் 49 யூதர் கொல்லப்பட்டனர். 1905இன் ஒக்ரோபரில் ருஷ்யப் பேரரசின் பல நகரங்களில் மீண்டும் படுகொலைகள் நிகழ்ந்தன. இதன் விளைவாக 1906இல் 'அமெரிக்க யூதக் குழு' அமைக்கப்பட்டது. மேயர் சல்ஸ்பேர்கர், லூயி மார்ஷல், ஜேக்கப் ஷிஃப், சைரஸ் அட்லர் முதலிய சட்டவறிஞரும் வங்கியாளரும் கல்விமான்களும் அதன் தூண்களாவர். தேர்தல் வைத்தால் வீண் கூச்சலிடுவோர் உள்ளே வந்துவிடுவர் என இவர்கள் கருதியமையால், தம்மைத் தாமே தெரிந்துகொண்டனர். பழைய பரிந்துரைப்போன் புதிய உடையில் வந்தான் என்று கீழ்ப்பகுதியார் எள்ளினர். அவ்வெள்ளலில் உண்மையுண்டு, ஆயினும் முழு உண்மையில்லை. 1911இல் நடந்தது இதற்குச் சான்று.

1832இல் ருஷ்யாவுடன் அமெரிக்கா செய்துகொண்ட வணிக உடன்படிக்கை, இரு நாட்டுக் குடிகளும் ஒருவர் நாட்டில் மற்றவர் தடையின்றிப் பயணிக்க இடமளித்தது. ருஷ்யாவோ அமெரிக்கக் கடவுச்சீட்டு வைத்திருந்த யூதருக்கு அனுமதி மறுத்தது. லூயி மார்ஷல் இதனை யூதரின் குறையாக முன்வைக்கவில்லை. அமெரிக்க அரசு தன் குடிகளுக்கு வழங்கும் கடவுச்சீட்டை அந்நிய அரசொன்று சமயம் பார்த்துத் தரம் பிரிக்கின்றது. அவமதிக்கப்பட்டது யூதனல்லன், அமெரிக்கக் குடியுரிமையே என்று வாதிட்டார். ஜனாதிபதி டாஃப்ற் தொடக்கத்தில் இசையவில்லை. கூட்டங்கள், தீர்மானங்கள், பத்திரிகைக் கட்டுரைகள் எனக் கிளர்ச்சி பரவியது. 1911 டிசெம்பரில் பிரதிநிதிகள் சபை உடன்படிக்கையை முடிவுறுத்தும் தீர்மானத்தை நிறைவேற்றியபோது எதிராக விழுந்தது ஒரேயொரு வாக்கு. சிறுபான்மையினர் தம் குறையைப் பொதுக் குடியுரிமையின் மொழியிலே பேசக் கற்றுக்கொண்ட தருணம் இது. ருஷ்ய யூதரின் நிலை இதனாற் சிறிதும் சீரடையவில்லை என்பதையும் உடன் சொல்லியாக வேண்டும்.

மேலோரின் குழுவையும் கீழோரின் சங்கங்களையும் ஒன்றிணைக்க ஒரு முயற்சி நடந்தது. அதற்கு வாய்ப்பளித்தவர் நகரத்தின் பொலிஸ் ஆணையாளர் தியடோர் பிங்ஹாம் ஆவார். 1908 செப்ரெம்பரில் புகழ்பெற்ற சஞ்சிகையொன்றில் அவர் எழுதிய கட்டுரையில், நியூயோர்க்கின் குற்றவாளிகளிற் பாதிப்பேர் யூதர் எனக் கூறினார். அன்று நகரக் குடிமக்களில் யூதர் கால்பங்கினர். இத்திஷ் பத்திரிகைகள் கொதித்தெழுந்தன; சங்கங்கள் கண்டனத் தீர்மானங்கள் நிறைவேற்றின. மேற்பகுதித் தலைவர்களோ வெளிப்படையாகப் பேசத் தயங்கித் திரைமறைவில் இயங்கினர். இரண்டு வாரமளவில் பிங்ஹாம் தன் கூற்றை மீளப்பெற்றுக்கொண்டார். நீதிமன்றத் தண்டனைக் கணக்குகள், யூதரின் பங்கு அவர்தம் குடித்தொகை விகிதத்திலும் குறைவென்றே காட்டின. ஆனால் எல்லோர் உள்ளத்திலும் ஒரு வினா எஞ்சியது. பத்து இலட்சத்தை அணுகும் ஒரு மக்கட்கூட்டத்தின் சார்பில் விடையிறுக்க உரிமையுடையவர் யார்?

அவ்வினாவுக்கு விடையாக எழுந்ததே 'கெஹில்லா'. சமூகம் என்னும் பொருள்படும் எபிரேயச் சொல் அது. இதன் உயிர்நாடி யூடா மாக்னஸ் என்னும் இளம் றபி. கலிபோர்ணியாவிற் பிறந்து, ஜேர்மனியிற் கற்று, மேற்பகுதியாரின் செல்வச் செழிப்புமிக்க இமானுவேல் ஆலயத்திலே போதித்தவராயினும், கீழ்ப்பகுதியாரின் மொழியையும் உள்ளத்தையும் மதித்தவர். 1909 பெப்ரவரி இறுதியில் கூடிய தொடக்க மாநாட்டுக்கு 200க்கு மேற்பட்ட சங்கங்கள் பேராளரை அனுப்பின. தொழுகைக் கூடங்கள், ஊரவர் சங்கங்கள், சகோதரத்துவ அமைப்புகள், அறநிலையங்கள் என அவை பலதிறத்தன. அவற்றின் பேராளர் 25 பேர் கொண்ட நிறைவேற்றுக் குழுவைத் தெரிவர். அக்குழுவே அமெரிக்க யூதக் குழுவின் நியூயோர்க் கிளையாகவும் அமையும். நகர விடயங்கள் கெஹில்லாவுக்கும் நாட்டு, வெளிநாட்டு விடயங்கள் யூதக் குழுவுக்கும் உரியன என்பது ஏற்பாடு. கட்டாய அதிகாரம் கொண்ட கஹலின் இடத்தில், தன்விருப்பால் ஒன்றுபடும் சங்கங்களின் கூட்டாட்சியை வைக்கலாம் என மாக்னஸ் நம்பினார்.

கெஹில்லாவின் பணிகளுள் நிலைத்த பயன் தந்தது கல்வித்துறை. 1910இல் அமைந்த கல்விப் பணியகத்தைச் சாம்சன் பெண்டெர்லி நடத்தினார். இருண்ட அறைகளில் பிரம்போடு நடந்த சமய வகுப்புகளின் இடத்தில் பயிற்சிபெற்ற ஆசிரியரையும் புதிய பாடநூல்களையும் கொண்டுவர முயன்றார். தொழிற்பிணக்குகளிலும் மாக்னஸ் நடுவராய் இருந்தார். மென்மயிர்த்தோல் ஆடைத் தொழிலில் அவர் முயற்சி பயனளித்தது. இறைச்சியின் சமயத் தூய்மையை மேற்பார்வை செய்ய றபிமார் சபையொன்று அமைக்கப்பட்டது. அதுவோ இறைச்சிக் கடைக்காரரின் எதிர்ப்பிலும் தனித்தனி றபிமாரின் வருமானக் கவலையிலும் சிக்கித் தோற்றது.

மிகவும் விசித்திரமானது 1912இல் எழுந்த ஒழுக்கப் பணியகம். அவ்வாண்டு யூலையில் சூதாட்ட விடுதி நடத்திய யூதன் ஒருவன் நகர நடுவில் சுட்டுக் கொல்லப்பட்டான். பொலிஸ் அதிகாரி ஒருவர் அக்கொலைக்குத் தூண்டுகோலாய் இருந்தமை வெளிப்பட்டது. சுட்டவர்களுள்ளும் யூதர் இருந்தனர். கெஹில்லா தன் சொந்தத் துப்பறிவோரை அமர்த்தி, கீழ்க்கிழக்குப் பகுதியின் சூதாட்ட, விபசார விடுதிகள் பற்றிய தகவல்களைத் திரட்டி நகர முதல்வர் கேய்னருக்கு அனுப்பியது. பிங்ஹாமின் பழிச்சொல்லை மறுக்கப் பிறந்த அமைப்பே நான்கு ஆண்டுகளின்பின் தம்மவர் குற்றங்களின் பட்டியலைத் தயாரிக்கலாயிற்று. இதனைத் தற்காப்பு என்பதா, தன்னாட்சி என்பதா, அன்றி அரசின் ஏவற்பணி என்பதா? கெஹில்லாவின் வரலாற்றை 1970இல் விரிவாக எழுதிய ஆர்தர் கோரென் இப்பணியகத்துக்குக் கணிசமான இடமளித்துள்ளார். எம் நோக்கில், தனக்கெனப் பொதுக்குரல் வேண்டும் சமூகம் தன் குற்றங்களுக்கும் பொறுப்பேற்குமாறு நிர்ப்பந்திக்கப்படுவதை இது காட்டுகின்றது. பெரும்பான்மையினரிடம் அவ்வாறு எவரும் கேட்பதில்லை.

கெஹில்லாவுக்குள் வராத பெருஞ்சக்தியொன்று இருந்தது. அதுவே தொழிலாளர் இயக்கம். 1909 நவெம்பர் 22இல் கூப்பர் யூனியன் மண்டபத்தில் நடந்த கூட்டத்தில், தலைவர்களின் நீண்ட உரைகளைக் கேட்டுச் சலித்த கிளாரா லெம்லிக் என்னும் இளம் தொழிலாளி மேடையேறி, இத்திஷ் மொழியில் பொது வேலைநிறுத்தத்தைக் கோரினாள். ஏறத்தாழ இருபதினாயிரம் மேற்சட்டைத் தொழிலாளர் வேலையை விட்டிறங்கினர். பெரும்பாலோர் யூத, இத்தாலிய இளம்பெண்கள். மறு ஆண்டில் மேலங்கித் தொழிலாளர் அறுபதினாயிரம் பேர் வேலைநிறுத்தம் செய்தனர். முதலாளிகளும் யூதர், தொழிலாளரும் யூதர். ஷிஃப், மார்ஷல் ஆகியோரும் பொஸ்ரன் வழக்கறிஞர் லூயி பிராண்டைஸும் தலையிட, 'சமாதான ஒப்பந்தம்' கைச்சாத்தாயிற்று. 1911 மார்ச் 25இல் முக்கோணத் தொழிற்சாலையில் எழுந்த தீ 146 உயிர்களைக் கொண்டது. எல்லாருமொரே சமூகம் என்னும் கெஹில்லாவின் கூற்று, அத்தீயில் மகளை இழந்தவர் செவியில் எவ்வாறு ஒலித்திருக்கும்? வங்கியாளரின் சபை என்றே சோஷலிசவாதிகள் கெஹில்லாவைத் தள்ளி வைத்தனர். 1914இல் கீழ்க்கிழக்குப் பகுதி மக்கள் சோஷலிசக் கட்சியின் மேயர் லண்டனைக் கொங்கிரசுக்குத் தெரிவுசெய்தனர். தொழிற்சங்கங்களுக்காகவும் ஊரவர் சங்கங்களுக்காகவும் நெடுங்காலம் வழக்குரைத்தவர் அவர். யூத வாக்கு என ஒன்றில்லை என மேற்பகுதியார் ஓயாது கூறிவந்தனர். கீழ்ப்பகுதியாரோ அதனை அளித்தும் காட்டினர், ஆனால் அதனை வர்க்கத்தின் பெயரால் அளித்தனர்.

இலண்டன் நிலைமை வேறு. அங்கே 1760இல் தோன்றிய பிரதிநிதிகள் சபை, தொழுகைக் கூடங்கள் அனுப்பும் பேராளரைக் கொண்டு அரசால் அங்கீகரிக்கப்பட்டிருந்தது. 1887இல் சாமுவேல் மொன்ரேகு கிழக்கு இலண்டனின் சிறு தொழுகைக் குழுக்களை ஒரு கூட்டமைப்பாக்கினார். வாயிலொன்று ஏற்கெனவே இருந்தமையால், அதனுள் நுழைவதே புதியவரின் போராட்டமாயிற்று. அது விரைவிற் கைகூடவில்லை. 1917 யூனில் சபை தன் தலைமையின் கூற்றொன்றையே ஐந்து வாக்கு வித்தியாசத்திற் கண்டித்தபோதுதான் பழங்குடும்பங்களின் பிடி தளர்ந்தது. நியூயோர்க்கில் அத்தகைய வாயில் இல்லை. எவரும் எங்கும் ஒரு வாயிலைத் திறக்கலாம். 1918இல் கெஹில்லா வெளியிட்ட சமூகப் பதிவேடு, நகரில் 3,637 யூத அமைப்புகள் இருந்தனவாகக் கணக்கிட்டது. யூதர் தொகை ஏறத்தாழ 15 இலட்சம். நானூறு பேருக்கு ஒரு சங்கம்!

அப்பதிவேடு வெளிவந்தபோது கெஹில்லா நலிந்துவிட்டது. உலகப்போர் எல்லாவற்றையும் மாற்றியது. போர்க்களமான போலந்திலும் கலிசியாவிலும் சிக்குண்டோரின் எதிர்காலத்தை அமைதி மாநாட்டில் எடுத்துரைக்கத் தேர்ந்தெடுக்கப்பட்ட பேரவை வேண்டும் என்னும் கோரிக்கை வலுத்தது. பிராண்டைஸ் அதற்குத் தலைமை தாங்கினார். அமெரிக்க யூதக் குழு தயங்கித் தயங்கி இசைந்தது. 1917 யூனில் நாடெங்கும் நடந்த தேர்தலில் ஆண்களும் பெண்களுமாக ஏறத்தாழ 3,35,000 பேர் வாக்களித்தனர். அமெரிக்கப் பெண்கள் அனைவருக்கும் அரசியல் வாக்குரிமை கிடைத்தது 1920இல் என்பதை இங்கே நினைவுகூரலாம். 1918 டிசெம்பரில் 'அமெரிக்க யூதப் பேரவை' பிலடெல்பியாவிற் கூடி, பரிஸ் மாநாட்டுக்குத் தூதுக்குழுவைத் தெரிந்தது. தேர்தல் கூடாதென்று வாதாடிய லூயி மார்ஷலே அத்தூதுக்குழுவிற் சென்று, போலந்தின் சிறுபான்மையோர் உரிமை உடன்படிக்கைக்காக அரும்பாடுபட்டார். மாக்னஸ் போரையே எதிர்த்து மேடையேறியமையால் புரவலரை இழந்தார். 1922இல் கெஹில்லா முற்றாக மறைந்தது. அவர் பலஸ்தீனம் சென்று, பின்னர் எருசலேம் எபிரேயப் பல்கலைக்கழகத்தின் முதலாவது வேந்தரானார்.

இத்துணைக் குரலும் நாட்டின் கதவைத் திறந்து வைக்கப் போதவில்லை. குடிவரவாளருக்கு எழுத்தறிவுச் சோதனை வேண்டும் என்ற மசோதாவை மூன்று ஜனாதிபதிகள் தடுத்தனர். 1917இல் அது தடையை மீறி நிறைவேறியது. எபிரேயமோ இத்திஷோ வாசிக்கத் தெரிந்தாலும் போதும் என்பதும், சமயக் கொடுமைக்கு அஞ்சி வருவோருக்கு விலக்குண்டு என்பதும் சட்டத்தில் இடம்பெற்றமையே யூத அமைப்புகள் ஈட்டிய இலாபம். 1924ஆம் ஆண்டுச் சட்டம் 1890இன் குடித்தொகைக் கணக்கை அளவுகோலாக்கி, போலந்துக்கு ஆண்டுக்கு 5,982 பேரையும் ருஷ்யாவுக்கு 2,248 பேரையும் ஒதுக்கியது. 1921இல் ஏறத்தாழ 1,19,000 யூதர் வந்திறங்கினர். 1925இல் வந்தவர் ஏறத்தாழ 10,000. ஒரு தசாப்தத்தின்பின் ஜேர்மனியிலிருந்து தப்ப முயன்றோர் மோதியது இச்சுவரிலேயே.

பேரவைகளும் பணியகங்களும் தோன்றி மறைய, ஊரவர் சங்கங்கள் தம் பணியை நிறுத்தவில்லை. 1919க்குப் பின்னர் அவை தம் தூதுவரை டொலர் நோட்டுகளுடன் போலந்துக்கும் உக்ரேனுக்கும் அனுப்பின. பியலிஸ்ரொக்கார் 1931இல் கிழக்கு புறோட்வேயில் முதியோர் இல்லமொன்றைத் திறந்தனர். 1945இன் பின் அவற்றுக்கு ஊரே இல்லாது போயிற்று. மடிந்த ஊரின் தெருக்கள், தொழுகைக் கூடம், கிணறு, கொல்லப்பட்டோர் பெயர் என்பவற்றைத் தொகுத்து நினைவு நூல்களைப் பல சங்கங்கள் வெளியிட்டன. பிள்ளைகள் புறநகர்களுக்குச் சென்று, காப்புறுதிக் கொம்பனிகளிடமிருந்து பெற்றவற்றுக்குச் சங்கத்தை நாடவேண்டிய தேவையற்றவராயினர். கூட்டங்கள் அருகின, யாப்புகளும் கூட்ட அறிக்கைகளும் ஆவணக் காப்பகங்களுக்குச் சென்றன. குயீன்ஸ், புறூக்ளின் மயானங்களில் சங்க நிலங்களின் கல்வாயில்கள் மாத்திரம் இன்றும் நிற்கின்றன. மேலே ஊரின் பெயரும் சங்கம் நிறுவப்பட்ட ஆண்டும். தூண்களில் தலைவர், உபதலைவர், காரியதரிசி, தனாதிகாரி, வாயிற் குழு உறுப்பினர் என ஒவ்வொருவர் பெயரும் பதவியுடன் செதுக்கப்பட்டுள்ளன.